நெட் கொடுக்காத கணினி

திருவல்லிக்கேணியில் எனக்குப் பழக்கமான ஒரு டிடிபி கடையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. இரண்டு புதியவை. மூன்றாவது, மூலையில் கிடக்கும் பழைய பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கேபினெட் பழுத்து மஞ்சளாகிவிட்டது. ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. பின்பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளையின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறார் கடைக்காரர். வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் முதல் நாள் சொல்லும் பாடம்: "அந்தப் பொட்டிக்கு மட்டும் நெட் குடுத்துடாதப்பா."

உள்ளே இருப்பது பேஜ்மேக்கர் 7.0. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் தொடங்கி, 1994-இல் அடோபியின் கைக்குப் போன மென்பொருளின் கடைசிப் பதிப்பு அது. 2001-இல் வெளிவந்தது, 2004-இல் அதன் மேம்பாட்டையே அடோபி நிறுத்திவிட்டது. தமிழ்ப் புத்தக உலகம் மட்டும் அதை விடவில்லை. இந்தக் கடைக்காரர் கோத்த பழைய நூல்கள் எல்லாம் அதன் கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. மறுபதிப்பு வேண்டும் என்று பதிப்பாளர் யாராவது வந்து நின்றால் அந்த மூலைக்குத்தான் போக வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. அது அசல் உரிமத்தோடு வாங்கியதுதானா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஓடுவதில் வியப்பில்லை. தையல் இயந்திரம் தேயும், அச்சு உருளை வழுவழுப்பாகும், செருப்பின் குதிகால் சாயும். மென்பொருள் என்பது சுழிகளும் ஒன்றுகளும் கொண்ட நீண்ட வரிசை. லட்சம் முறை ஓட்டினாலும் அதில் ஒரு சுழிகூடத் தேயாது. தட்டு பழுதாவதற்குள் வேறு தட்டுக்கு நகலெடுத்தால், நகலுக்கும் மூலத்துக்கும் வேறுபாடே கிடையாது. மனிதன் செய்து விற்ற பொருள்களில் இவ்வளவு கெட்டியானது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

இனி இன்னொரு காட்சி. அதே அடோபி 2005-இல் வெளியிட்ட சிஎஸ் 2 தொகுப்பில் போட்டோஷாப் முதலிய மென்பொருள்கள் இருந்தன. கடையில் பெட்டியாகக் கிடைத்தது. ஆனால் கணினியில் நிறுவியதும் அது இணையம் வழியே அடோபியின் சர்வரிடம் அனுமதி கேட்டது. 2012 முடிவில் அந்தச் சர்வர்களை அடோபி நிறுத்தியது. குறுந்தட்டு கையில் இருக்கிறது, ரசீது இருக்கிறது, தட்டில் ஒரு கீறல் இல்லை. புதுக் கணினியில் நிறுவினால் மென்பொருள் எழுந்திருக்காது. கடைசியில் அனுமதி கேட்காத ஒரு பதிப்பையும் அதற்கான வரிசை எண்களையும் அடோபியே தன் தளத்தில் வைக்க வேண்டியதாயிற்று. உடனே உலகம் முழுக்க "போட்டோஷாப் இலவசம்" என்று வதந்தி பரவி, இல்லை, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று அது மறுக்க நேர்ந்தது தனிக் கூத்து.

தேயாத பொருளுக்குக் காலாவதி எங்கிருந்து வந்தது?

இதற்கான விடையை மென்பொருள் சந்தை என ஒன்று உருவாகி வளர்வதற்கு முன்பே ஒரு பொருளாதார அறிஞர் எழுதி வைத்துவிட்டார். ரொனால்ட் கோஸ் 1972-இல் வெளியிட்ட சிறிய கட்டுரை அது. (பின்னாளில், 1991-இல், வேறு ஆய்வுகளுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நிலம். ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். போட்டியே இல்லை, எனவே அதிக விலை சொல்கிறார். அந்த விலைக்கு வாங்கக்கூடியவர்கள் வாங்கிவிட்டார்கள். மீதி நிலம் அவரிடமே கிடக்கிறது. சும்மா கிடப்பதற்கு விலையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் காசாகுமே என்று தோன்றும். அப்படி அவருக்குத் தோன்றும் என்பது வாங்குபவர்களுக்கும் தெரியும். ஆகவே முதல் விலைக்கு அவர்கள் வாங்கவே மாட்டார்கள், காத்திருப்பார்கள். ஏகபோகக்காரராக இருந்தும் விலை சரிந்துகொண்டே போகும். காரணம், நிலம் அழிவதில்லை. நேற்று விற்றது இன்றும் சந்தையில் இருக்கிறது. வியாபாரி தன்னோடு தானே போட்டி போடுகிறார்.

தப்பிக்கும் வழிகளில் ஒன்றைக் கோஸே சொல்கிறார்: விற்காதே, வாடகைக்கு விடு. இன்னொன்று, பொருள் சீக்கிரம் வீணாகும்படி செய். ஜெரமி புலோ என்ற பொருளியலாளர் 1980-களில் இந்த இரண்டையும் கணக்குப் போட்டு விரித்துக் காட்டினார்.

கோஸின் நிலத்தை எடுத்துவிட்டு மென்பொருளை வையுங்கள். போட்டோஷாப்பின் பெரிய எதிரி யார்? போட்டி நிறுவனங்கள் அல்ல. போன பதிப்பு போட்டோஷாப்தான். கல்யாண ஆல்பம் செய்பவருக்கு அதுவே போதும். புதிதாக வாங்க அவருக்கு என்ன அவசியம்?

வாடகை உத்தி கணினிக்கும் முந்தியது. அமெரிக்காவில் யுனைடெட் ஷூ மெஷினரி என்ற நிறுவனம் செருப்புத் தைக்கும் பெரிய இயந்திரங்களை விற்க மறுத்து வாடகைக்கு மட்டுமே விட்டுவந்தது. 1953-இல் ஒரு நீதிமன்றம் தலையிட்டு, விற்கவும் வேண்டும் என்றது. ஐபிஎம் கதையும் அதே. அதன் கணக்கிடும் இயந்திரங்களைக் காசு கொடுத்து வாங்க முடியாது, மாத வாடகைதான். 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படிதான் விற்பனைக்கும் ஒத்துக்கொண்டது. அப்போதும் மென்பொருள் இயந்திரத்தோடு ஒட்டி வந்தது. அதற்குத் தனி விலை வைக்கப்போவதாக ஐபிஎம் அறிவித்தது 1969-இல். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், நாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்த 'பெட்டியில் வரும் மென்பொருள்', இரண்டு வாடகைக் காலங்களுக்கு நடுவே வந்து போன ஒரு முப்பது ஆண்டு இடைவேளை.

அந்த இடைவேளையிலும் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. பொருளைத் தேயவைக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகை மாற்றலாம். வேர்டு 97-இல் சேமித்த கோப்பை வேர்டு 95 நேரடியாகத் திறக்காது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்பில் செய்த பக்கத்தைப் பழைய பதிப்பு திறக்காது. இடைமாற்று வடிவம் ஒன்றில் சேமித்துத் தரச்சொல்லிக் கெஞ்ச வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒருவர் மாறினால் போதும். அவர் அனுப்பும் கோப்பைத் திறக்க அடுத்தவர் மாறுவார், அவருக்காக அச்சகம் மாறும், அச்சகத்துக்காக மற்ற வாடிக்கையாளர்கள் மாறுவார்கள். ஜலதோஷம் பரவுவது போலத்தான். வெளியே பார்த்தால் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்து வந்தது கொஞ்சம் வெளிப்படையான நெருக்கடி. மூன்று பதிப்புகள் பின்தங்கியிருந்தாலும் சலுகை விலையில் புதியதற்கு மாறலாம் என்பது அடோபியில் இருந்த வழக்கம். 2011 நவம்பரில் அதை மாற்றி, உடனடியாக முந்தைய பதிப்பு வைத்திருப்பவருக்கே சலுகை என்றார்கள். ஒரு படி தாண்டினால் முழு விலை. பதிப்பு விட்டுப் பதிப்பு வாங்கிச் சிக்கனம் பண்ணியவர்களைக் குறிவைத்த ஏற்பாடு. எதிர்ப்பு வந்ததும் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்தினார்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

2013 மே 6 அன்று அறிவிப்பு வந்தது. இனிப் பெட்டி கிடையாது. சிஎஸ் 6-தான் கடைசி. மேற்கொண்டு எல்லாம் இணையம் வழிச் சந்தா. அதுவரை முழுத் தொகுப்பின் விலை 2,599 டாலர். சந்தா மாதம் 50 டாலர். ஒவ்வொரு பதிப்பையும் தவறாமல் வாங்கும் பெரிய ஸ்டூடியோவுக்கு இது நஷ்டமே இல்லை, லாபமாகக்கூட இருந்திருக்கும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் சிறு தொழில்காரருக்குத்தான் அடி. பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு அடோபியின் நிகர லாபம் 83 கோடி டாலரிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. நிறுவனத்தார் பொறுத்துக்கொண்டார்கள். 2013-இல் சுமார் 406 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2023-இல் 1,941 கோடி. இந்த வளர்ச்சி முழுவதும் சந்தாவால் வந்ததில்லை, இடையில் வேறு நிறுவனங்களையும் வாங்கினார்கள். ஆனாலும் கோஸ் சொன்னது எடுபட்டதா என்ற கேள்விக்கு இந்த எண்கள் போதும். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-இல் அதே வழிக்கு வந்தது.

இந்த வாடகைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. கணிதத்தின் அழகான பக்கங்களில் ஒன்று இதற்குள் இருக்கிறது.

61, 53 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்குங்கள். 3,233. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யும். இப்போது 3,233-ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டின் பெருக்கல் என்று கேளுங்கள். கொஞ்சம் திணற வேண்டும். எண் 617 இலக்கம் கொண்டதாக இருந்தால்? இன்று உலகில் இருக்கும் கணினிகளால் முடியாது. போவது சுலபம், திரும்புவது அரிது என்ற இந்த ஒருவழித் தன்மையை வைத்து ஒரு ஜோடிச் சாவிகள் செய்யலாம். ஒன்று ரகசியச் சாவி, நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்கும். மற்றது பொதுச் சாவி, உங்கள் மென்பொருளுக்குள்ளேயே வைத்து அனுப்பப்படும். ரகசியச் சாவியால் இட்ட முத்திரையைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு முத்திரை இட முடியாது.

மென்பொருளை நிறுவும்போது அது உங்கள் கணினியின் அங்க அடையாளங்களை எடுக்கிறது: மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு. அவற்றைச் சுருக்கி ஓர் எண்ணாக்கிச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் ஒரு சிறிய ஓலையைத் தருகிறது. இந்தக் கணக்குக்காரர், இந்தக் கணினி, இன்ன தேதி வரை. கீழே முத்திரை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் அந்த ஓலையைச் சரிபார்க்கும். நீங்கள் தேதியில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. சரி, கணினியின் கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளி வைத்தால்? கடைசியாகப் பார்த்த தேதியை அது எங்கோ குறித்து வைத்திருக்கும். நேற்று 20-ஆம் தேதி, இன்று 5-ஆம் தேதி என்றால் சந்தேகப்படும். ஆண்டுச் சந்தாவில் இருப்பவர் 99 நாள் வரை இணையம் இல்லாமல் ஓட்டலாம் என்பது அடோபி வைத்த கணக்கு. அதற்குள் ஒருமுறை சர்வரைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

பழைய ஏற்பாட்டிலும் பூட்டு உண்டு. இந்திய மொழி எழுத்துருத் தொகுப்புகளை வாங்கியவர்கள் 'லாக்' என்று ஒரு சிறு துண்டைக் கணினியின் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். அது தொலைந்தால் போச்சு. ஆனால் அந்த லாக் நம் மேஜைமேல் இருந்தது. இப்போதைய லாக் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டைக் காலி செய்தால் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவார் என்று நம்ப வேண்டியதுதான். 617 இலக்கக் கணிதம் திருடனைத் தடுப்பது போலவே சொந்தக்காரரையும் தடுக்கும். அதற்கு ஆள் தெரியாது.

இதில் ஒரு விபரீதம். திருட்டு நகல் செய்பவர்கள் முத்திரையை உடைக்க முயல்வதே இல்லை. மென்பொருளுக்குள் 'முத்திரை சரியா' என்று கேட்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அந்தக் கேள்வியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆகவே சர்வர் நின்ற நாளில் வாங்கியவர் பெட்டி நிற்கும், திருடியவர் பெட்டி ஓடும்.

சர்வர் பழுதாகித்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் தடையாணையைக் காரணம் காட்டி, வெனிசுலாவில் உள்ள அத்தனை கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. கட்டிய சந்தாவைத் திருப்பித் தரவும் இயலாது என்றது முதலில். கூச்சல் எழுந்து, அமெரிக்க அரசிடம் தனி அனுமதி பெற்று, மாத இறுதிக்குள் சேவை தொடர்ந்தது. பெட்டி யுகமாக இருந்தால் கராகஸில் ஒரு சுவரொட்டி வரைபவரின் கணினிக்கும் வாஷிங்டனில் இடப்படும் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு? 2022-இல் இன்னொன்று: வண்ணங்களுக்கு எண் வைத்து விற்கும் பாண்டோன் நிறுவனத்துக்கும் அடோபிக்கும் இருந்த ஏற்பாடு மாறியது. அதன் வண்ணத் தொகுதிகள் போட்டோஷாப்பிலிருந்து நீங்கின. பழைய கோப்புகளைத் திறந்தவர்களுக்கு, பாண்டோன் வண்ணம் இருந்த இடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. தங்கள் கையால் செய்த கோப்பு, தங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்பு. நிறம் திரும்ப வேண்டுமென்றால் தனிச் சந்தா.

சட்டம் என்ன சொல்கிறது? எந்த ஊர் சட்டம் என்பதைப் பொறுத்தது. ஒரு கட்டடக்கலை அலுவலகம் பயன்படுத்தி முடித்த ஆட்டோகேட் பெட்டிகளை வாங்கி இணையத்தில் ஒருவர் மறுவிற்பனை செய்தார். 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த அலுவலகம் வாங்கியது உரிமம்தான், பொருள் அல்ல, ஆகவே விற்க உரிமையில்லை என்றது. இரண்டே ஆண்டில், 2012 ஜூலையில், ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: காலவரையறை இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால், இணையத்தில் இறக்கியதாக இருந்தாலும் அது விற்பனைதான், வாங்கியவர் மறுபடி விற்கலாம். தீர்ப்பிலேயே சந்தாவுக்கு வழியும் இருக்கிறது. காலவரையறை வைத்துவிட்டால் அது விற்பனையே இல்லையே! 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பின்னாளில் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று பொத்தான் போட்டு விற்பதானால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லுக்காவது ஒரு நாணயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூலைக் கணினியின் துளையில் டேப் ஒட்டியிருப்பது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அடோபிக்குப் பயந்து ஒட்டியதில்லை. வைரஸுக்குப் பயந்து ஒட்டியது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரலில் நின்றது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேனி லேமன் 1970-களிலேயே இதைக் கவனித்தார்: உலகோடு உறவாடும் மென்பொருளை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்காவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். சுழிகளும் ஒன்றுகளும் அப்படியே இருக்கும்; உலகம் இருக்காது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற கணினிப் புழு, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே நிறுத்தியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

போட்டவர்கள் மாட்டிய நாளும் உண்டு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தானாகவே போய்ச் சேரும் ஒரு திருத்தத்தை அனுப்பியது. 21 விவரங்களை எதிர்பார்க்கும் இடத்தில் 20 மட்டுமே தரப்பட்டன. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன மென்பொருள் விழுந்தது, விண்டோஸையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 85 லட்சம் கணினிகள். நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸை அன்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

'அப்டேட்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சரக்கு வருகிறது என்பதுதான் என் மனக்குறை. ஒன்று ஓட்டை அடைப்பது. இன்னொன்று வீட்டை மாற்றிக் கட்டுவது. முதலாவது விற்றவரின் கடமை. தாமதமின்றி வர வேண்டும். இரண்டாவதற்கு வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பெட்டி திரையில் வந்துகொண்டே இருந்தது. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினால் 'வேண்டாம்' என்று பொருள் என்பது அத்தனை கணினிப் பயனாளருக்கும் இருபது ஆண்டுப் பழக்கம். அந்த ஆண்டு மே மாதம் அதை அழுத்தியவர்களுக்கும் மாற்றம் குறித்த நேரத்தில் நடந்தது. கேட்காமல் மாறிய விண்டோஸால் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்ட கலிபோர்னியப் பெண்மணி ஒருவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. அதே விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவான திருத்தங்கள் நின்றன. அடுத்ததற்கு மாறலாம் என்றால், விண்டோஸ் 11 கணினிக்குள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், பெரும்பாலும் 2017-க்குப் பின் வந்த புராசசரையும் கேட்கிறது. நன்றாக ஓடும் 24 கோடி கணினிகள் வரை கழிவாகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தது. இந்த முறை கட்டாய மாற்றம் மென்பொருளோடு நிற்கவில்லை, இரும்புக்கடை வரை போய்விட்டது.

இரண்டு சரக்கையும் பிரித்து விற்க முடியாதா? முடியும், நம் கணக்கர்களின் மேஜையிலேயே இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளை ஒருமுறை வாங்கினால் நிரந்தர உரிமம். புதிய பதிப்புகளுக்கும் இணையச் சேவைகளுக்கும் ஆண்டுக் கட்டணம் தனி. கட்டணத்தைப் புதுப்பிக்காதவரின் டேலி நின்றுவிடுவதில்லை, இருந்த பதிப்போடு ஓடுகிறது. நிரலர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெய்ன்ஸ் 2015-இல் முழுச் சந்தாவுக்கு மாற முயன்று வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகு, ஓராண்டு சந்தா கட்டியவருக்கு ஒரு பதிப்பு எப்போதைக்கும் சொந்தம் என்று திருத்திக்கொண்டது. கோஸின் கணக்குக்கு இது கொஞ்சம் நஷ்டம்தான்.

மூலைக் கணினியில் கிடக்கும் கோப்புகளை மீட்க வழி இருக்கிறதா என்று கடைக்காரருக்காகத் தேடினேன். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி, 2015-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4 என்ற இலவச அலுவலக மென்பொருள் முதல் இருக்கிறது. யாரோ தன்னார்வலர்கள் அந்தக் கோப்பின் அமைப்பைப் பிரித்து ஆராய்ந்து எழுதியது. ஒரு நாவலின் கோப்பைத் திறந்து பார்த்தோம். பக்கம் வந்தது. எழுத்து வந்தது, ஆங்கிலக் கிறுக்கலாக. பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கும். கொம்பு தட்டச்சிலேயே மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடிலோ அது பின்னால் வர வேண்டும். மாற்றி எழுதும் கருவிகள் உண்டு. முந்நூறு பக்கத்தையும் ஒரு முறை கண்ணால் பார்த்துப் பிழை திருத்தினால் ஆயிற்று.

"அதுக்கு இதுவே தேவலை" என்று மூலைக் கணினியைக் கிளப்பினார். ஹார்ட் டிஸ்க்கை நகலெடுத்து இரண்டு வைத்திருக்கிறாராம், ஒன்று வீட்டு பீரோவில். திரையின் வலது கோடியில் தேதி 2003 ஜனவரி 1 என்று இருந்தது. மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்து பல காலம் ஆகிறது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அதே நாள்தான். மாற்றக் கூடாதா என்றேன்.

"பேஜ்மேக்கர் எங்க சார் தேதி கேக்குது?" என்றபடி பிரிண்ட் கொடுத்தார்.